தூசியெல்லாம் இல்லீங்க டாக்டர்

மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. கட்டியவர் கீழ்த்தளத்திலேயே குடியிருந்ததால் அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மாடிக்கு இருபது படி, மொத்தம் அறுபது. ஒரு காலத்தில் தோளில் சிமெண்ட் மூட்டையோடு இந்த அறுபதையும் நிற்காமல் ஏறியவர்தான் நம் ஆள். இப்போதோ முதல் மாடி வருவதற்குள் அவருக்குச் செருப்பு வார் தளர்ந்துவிடும். குனிந்து அதை ஒரு நிமிஷம் சரிபார்ப்பார். இரண்டாவது மாடியில் தவறாமல் போன் வரும், மணியே அடிக்காத போன். அதைக் காதில் வைத்துக்கொண்டு "ம்... ம்..." என்பார். வேறு ஏதாவது பேச மூச்சு இருந்தால்தானே! இரண்டாவது மாடி அம்மாள், பாவம் இந்த மனுஷனுக்கு எந்நேரமும் வேலைதான் என்று நினைத்திருந்தாள். என்னைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. மூச்சு வாங்குகிறது என்று ஒப்புக்கொண்டால் மீசை உதிர்ந்துவிடுமா?

அவர் மனைவிக்கு எல்லாம் தெரியும். செருப்புச் சத்தம் எங்கே நிற்கிறது, எத்தனை நேரம் நிற்கிறது என்று சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசி இருபது படியில் கால் வைக்கும்போதே வந்து கதவைத் திறந்து வைத்துவிடுவாள். பெல் அடிக்கக் கையைத் தூக்குவதுகூட அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. அதை அவளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

தொழிலில் அவரைக் 'கோடு' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. சமையலறையில் அடுப்பும் சிங்க்கும் உட்காரும் கல் பலகை இருக்கிறதே, அதை மேடை என்பார்கள். அந்தக் கல்லை அளந்து, அறுத்து, ஓட்டை போட்டு, பொருத்துவது அவர் வேலை. கல்லின்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். பிறகு கையில் கட்டிங் மெஷினை எடுத்தால் பிளேடு அந்தக் கோட்டின் மேலேயே போகும். ஒரு மயிரிழை இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. மற்றவர்கள் அறுத்துவிட்டுத் தேய்த்துச் சரி செய்வார்கள். இவர் அறுத்தால் தேய்க்க ஒன்றும் இருக்காது.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கல்லை அறுக்கும்போது தண்ணீர் விட வேண்டும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் விட்டால் பென்சில் கோடு அழிந்துவிடும் என்பதும் தெரியும். இவர் கோட்டைத்தான் காப்பாற்றினார். போதாக்குறைக்கு, வீட்டுக்காரர்கள் யாரும் தங்கள் புது அலமாரிமேல் சேறு தெறிப்பதை விரும்பவில்லை. "தண்ணி வேணாம்ப்பா, கதவைச் சாத்திக்கிட்டு அறுத்துடுங்க" என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அறுப்பார். அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் உள்ளே நிற்பது ஆளா சுவரா என்று தெரியாது, அத்தனை வெள்ளை. இமை, மூக்கு, காதுமடல் எல்லாம் வெள்ளை. மாஸ்க் இருக்கும், கழுத்தில். மூக்கில் ஏற்றினால் கண்ணாடியில் ஆவி படிந்து கோடு தெரியாது என்பார்.

அந்த வெள்ளைப் பொடிக்குத் தொழிலில் ஒரு பெயர் உண்டு. மாவு. "இன்னிக்கு மாவு ஜாஸ்திப்பா", "அந்தக் கறுப்புக் கல்லுல மாவு கம்மி", "தலையில மாவைத் தட்டிட்டு வா" என்றுதான் பேச்சு. தூசி என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தூசி என்பது ரோட்டில் பறப்பது, ஃபேன் இறக்கையில் படிவது. மாவு என்பது வேலை ஒழுங்காக நடந்ததற்கு அடையாளம்.

கல்யாணமான புதிதில் மனைவி அவர் சட்டையை எடுத்து அப்படியே வாளியில் நனைத்தாள். இரண்டே மாதத்தில் குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது. மாவில் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் கல்லாகிவிடும். அவரே உட்கார்ந்து, கம்பி விட்டுக் குத்தி எடுத்துவிட்டு அவளிடம் கத்தினார்: "அறிவிருக்கா உனக்கு? உதறிட்டு நனைக்கணும். முதல்ல நல்லா உதறு, அப்புறம் நனை." அழுதாள், கற்றுக்கொண்டாள். பால்கனியில் உதறினால் கீழ்வீட்டுத் துணியில் விழுகிறது என்று சண்டை வந்தது. அதனால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உதறுவாள். சட்டை, பேண்ட், தலைத்துண்டு, தினமும் மூன்று உருப்படி. பிறகு ஈரத்துணியால் தரை, சுவர், குழாய், வாளியின் காது எல்லாம் துடைத்துவிடுவாள். சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் உட்காருவதற்கு முன்னால் தங்கள் பின்புறத்தைத் தட்டிக்கொள்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. தெருமுனை கிளினிக்குக்கு மனைவி இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கூட்டம். டாக்டர் தலை நிமிராமல் கேட்டார்.

"என்ன வேலை?"

"மேடை வேலை டாக்டர்."

"தூசியில இருக்கீங்களோ?"

"தூசியெல்லாம் இல்லீங்க டாக்டர். வீட்டுக்குள்ளதான் வேலை. எல்லாம் புது வீடு, சுத்தமா இருக்கும்."

"சிகரெட்?"

"எப்பவாவது ஒண்ணு."

"அதான் விஷயம். முதல்ல அதை விடுங்க."

அன்றைக்கே விட்டார். வாசலில் பாக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்து, மூன்று வருஷம் தொடவில்லை. இருமல் மட்டும் இவரை விடவில்லை. சிரப் மாறியது, மாத்திரை மாறியது, உறிஞ்சுகிற பம்ப் ஒன்று வந்தது. காலையில் பம்பை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கல் அறுக்கப் போவார். அவரும் சும்மா இருக்கவில்லை, டாக்டரும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் பொறுப்பாகத்தான் இருந்தார்கள்.

இந்த வருஷம் அந்த டாக்டர் லீவில் போக, அவர் இடத்தில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்தாள். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள், முதுகில் வைத்துக் கேட்டாள், விரல் நுனியில் கிளிப் மாட்டினாள், எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவள் பார்த்த நேரம் சற்று நீளமாகத்தான் இருந்தது.

"என்னம்மா இருக்கு?" என்றார் கோடு.

"புள்ளி புள்ளியா தெரியுதுங்க. நிறைய காரணம் இருக்கலாம். நான் ஒண்ணு சொல்லி உங்களைக் குழப்ப விரும்பல. நுரையீரல் டாக்டர்கிட்ட எழுதித் தர்றேன். பதினொரு நாள் கழிச்சுத்தான் நேரம் கிடைச்சிருக்கு."

எழுதி நிரப்ப ஒரு பாரத்தையும் நீட்டினாள். "இதை வீட்லயே நிதானமா எழுதிட்டுப் போங்க. அங்க போய் ஞாபகம் வராது. எத்தனை நாளா, எதுல மூச்சு வாங்குது, இதுவரைக்கும் என்னென்ன வேலை பார்த்தீங்க, வீட்ல யாருக்கு என்ன. கடைசியில உங்க கேள்விக்கு இடம் விட்டிருக்காங்க. கேட்கணும்னு நினைக்கிறதை எழுதிடுங்க." கூடவே, பழைய டாக்டரின் குறிப்புகளை ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

பதினொரு நாள். வியாதியோடு மூன்று வருஷம் இருந்தவருக்கு அதன் பெயர் தெரியாமல் பதினொரு நாள் இருப்பது பெரும்பாடாகிவிட்டது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கல் பட்டறையில் அவருக்குப் பக்கத்து மேசைக்காரர், கல்லுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பாலீஷ்காரர், போன வருஷம் செத்துப்போனார். நாற்பத்தாறு வயசு. காசநோய் என்றார்கள், குடி என்றார்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் கோடு பார்க்கப் போனபோது, படுத்தால் மூச்சு முட்டும் என்று அவர் நாற்காலியில் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். "வா கோ..." என்றவரால் அந்தப் பெயரைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. ரெண்டே எழுத்து! கோடு அன்றைக்கு ஐந்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டார். தனக்கும் அதுதானா, இல்லை சரியாகிற வேறு ஏதாவதா? இது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, பஸ் கண்டக்டர். படித்த படிப்பெல்லாம் போனில் படித்தது. யாருக்கு என்ன வியாதி என்றாலும் டாக்டருக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"மாமா, இது ஆஸ்துமாதான். எழுதி வச்சுக்கங்க. பம்ப் குடுத்திருக்காங்கல்ல? ஆஸ்துமாக்குத்தான் பம்ப் குடுப்பாங்க. எங்க டிப்போல நாலு பேருக்கு இருக்கு, நாலு பேரும் ஜம்முனு வண்டி ஓட்டறாங்க."

"ஆஸ்துமான்னா சரியாயிடுமா மாப்ள?"

"அடக்கி வச்சுக்கலாம் மாமா. கவலையே வேணாம்."

அந்த ஒரு வார்த்தையைக் கோடு பிடித்துக்கொண்டார். மூன்று நாள் வாய் ஓயாமல் ஆஸ்துமா, ஆஸ்துமா என்றார். ஏதோ பரிசு விழுந்துவிட்ட மாதிரி.

நாலாம் நாள் மச்சினன் போனிலிருந்து ஒரு சோதனை கொண்டுவந்தான். மூச்சை அடக்கி நாற்பது எண்ணிவிட்டால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். எந்தப் புண்ணியவான் எழுதிப் போட்டானோ. கோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மச்சினன் எண்ண ஆரம்பித்தான். ஒன்பதில் முகம் கறுத்தது, பதினொன்றில் வெடித்துக்கொண்டு இருமல் வந்தது. இருமி முடிய எத்தனை நேரம் ஆயிற்று என்பதை யாரும் எண்ணவில்லை.

"நீங்க சரியா ஆரம்பிக்கல மாமா" என்றான் மச்சினன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"டேய், நீ அந்தப் போனைத் தூக்கிக் குப்பையில போடு" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் பாரத்தை விரித்தார்கள். பேனா அவள் கையில். அவள் எழுத்து அழகாக இருக்கும் என்பது சாக்கு. அவர் கையில் கொடுத்தால் பொய் எழுதுவார் என்பதுதான் நிஜம்.

"எத்தனை படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு கேட்டிருக்கு."

"அறுபதும் ஏறுவேன். எழுது."

அவள் பேனாவை மூடிவிட்டு எழுந்தாள். "வாங்க." இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். "இப்ப ஏறுங்க. செருப்பைத் தொடக்கூடாது, போனை எடுக்கக்கூடாது. நான் பின்னாலயே வர்றேன்."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறாளா! ஏறினார். பதினான்காம் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளும் ஒரு படி கீழே நின்றாள். அவர் முதுகு ஏறி ஏறி இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வந்ததும் பாரத்தில் 'பதினான்கு' என்று எழுதினாள். சாயங்காலம் இருமல் ஜாஸ்தி, ராத்திரி ரெண்டு தலையணை, ஆறு மாசத்தில் பேண்ட் இடுப்பு ரெண்டு இன்ச் தளர்வு என்று அவர் சொல்லாததையெல்லாம் அவளே எழுதினாள்.

அந்தக் கவரையும் அவள் விடவில்லை. ஒட்டியிருந்தால் என்ன, அவள் பிரிக்காத கவர் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. உள்ளே கிளினிக் குறிப்பு ஆங்கிலத்தில் கிறுக்கலாக இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மச்சினனிடம் கொடுத்தாள்.

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தான். "தொழில்... விழா மேடை அமைப்பவர். தூசித் தொடர்பு... இல்லை. புகைப் பழக்கம்... உண்டு." நிமிர்ந்தான். "விழா மேடையா? மாமா, நீங்க எப்ப மாமா மைக் செட் தொழிலுக்குப் போனீங்க?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள். "அடப்பாவமே, மேடைன்னதும் மந்திரி ஏறிப் பேசுற மேடைன்னு நினைச்சுட்டாரா அந்த மனுஷன்! பந்தல் போட்டு, நாற்காலி போட்டு..." கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள். அவன் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கினாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரியையே பார்த்தாள்.

"தூசி இல்லன்னா சொன்னீங்க?"

"தூசி ஏது? மாவுதானே?"

"மாவா? என்ன மாவு? நான் சமைக்கிற மாவா அது? கல்லை அறுத்தா வர்றது தூசி இல்லாம வேற என்னங்க?"

"உனக்குத் தொழில் தெரியாது, சும்மா இரு. அது மாவு."

"ஐயோ கடவுளே! மூணு வருஷமா அந்த ஆளு மேடை கட்டுறவனுக்கு மருந்து குடுத்திருக்காரு! நீங்க பம்பை இழுத்துட்டுப் போய் மறுபடியும் அதையே முழுங்கிட்டு வந்திருக்கீங்க!"

யாரைத் திட்டுவது? தலை நிமிராமல் கேட்ட டாக்டரைத் திட்டலாம். அவர் தலையே நிமிரவில்லை, ஆனாலும் கேட்க வேண்டிய இரண்டையும் கேட்டுவிட்டார். இவரைத் திட்டலாம். இவரும் பொய் சொல்லவில்லை. தெரிந்த வார்த்தையில் உண்மையைத்தான் சொன்னார். ஒரு மேடையும் ஒரு மாவும் சேர்ந்து ஒரு மனுஷனின் மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டன. எனக்கு வருகிற கோபத்துக்கு எதையாவது உடைக்கலாம் போலிருக்கிறது, எதை உடைப்பது என்றுதான் தெரியவில்லை.

'இதுவரை பார்த்த வேலை' என்ற இடத்தில் அவள் எழுதினாள்: 'கல் அறுப்பு. இருபத்து நான்கு வருஷம். தண்ணீர் விடாமல். தூசி.' அந்தக் கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். இரண்டும் கோணலாக இருந்தன. அவர் அந்தக் கோணலை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

அடுத்து, வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

கடைசியில் கேள்விக்கு மூன்று வரி. முதல் வரியில் அவர் சொன்னபடி எழுதினாள்: 'இது ஆஸ்துமாவா?' இரண்டாவது வரியில் அவளே எழுதிக்கொண்டாள்: 'என்னென்ன சாப்பிடக் கூடாது?' மூன்றாவதுக்கு அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்: 'மூணு வருஷம் முன்னாடியே வேலையை விட்டிருந்தால்?' அதோடு நிறுத்திவிட்டார். அவள் படித்தாள். பாரத்தை மடித்துக் கவரோடு சேர்த்து வைத்தாள்.

பதினோராம் நாள் காலையில் சலவை மடிப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருவரும் போனார்கள். மருத்துவமனையில் முதலில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து மூக்கில் கிளிப் மாட்டி ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், நிறுத்தாதீங்க" என்று ஒரு பெண் பக்கத்தில் நின்று கத்தினாள். கோடு தன் பலத்தையெல்லாம் திரட்டி ஊதினார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, நல்ல மார்க் எடுத்துவிட வேண்டும் என்று மூன்று தடவை ஊதினார். வெளியே வந்து மனைவியிடம், "கடைசி தடவை நல்லாவே ஊதினேன்" என்றார். பிறகு ஒரு வளையத்துக்குள் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள்.

நுரையீரல் டாக்டர் வயசானவர், நிதானமான ஆள். தலை நிமிர்ந்தே பேசினார். பாரத்தை ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்துவிட்டு, "யாரு எழுதினது? ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். அவளுக்கு அந்தக் கவலையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பான இரண்டு பை, அதற்குள் பொடிப்பொடியாய் வெள்ளை. மேலே சில இடங்களில் பொடியெல்லாம் ஒன்றுசேர்ந்து கட்டியாகியிருந்தது.

கோடு நாற்காலி நுனிக்கு வந்தார். அவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இது எங்க மாவு டாக்டர்" என்றார்.

"ஆமா. கல்லுல இருக்கிற ஒரு பொருள், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகி உள்ள போயிடுது. நுரையீரல் அதை வெளிய தள்ளப் பார்க்கும், முடியாம அதைச் சுத்தித் தழும்பு கட்டும். சிலிக்கோசிஸ்னு பேரு. நீங்க கேட்டிருக்கிற ஆஸ்துமா இல்லீங்க. அதுல குழாய் சுருங்கும், மருந்து குடுத்தா விரியும். இது தழும்பு."

"தண்ணி பட்டுக் காய்ஞ்சா கல்லாயிடும்" என்றார் கோடு, யாரிடமோ சொல்வதுபோல்.

"கழுவி எடுக்க முடியாதுங்களா?" என்றாள் அவள். அவளுக்கு எதையும் கழுவிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

"முடியாதும்மா. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். இன்னிலேர்ந்து கல்லுப் பக்கமே போகக்கூடாது, பட்டறைக்குள்ள சும்மா போய் உக்காரக்கூடக் கூடாது. சளியில காசநோய் இருக்கான்னு பார்க்கணும், இதுல அதுவும் சேர்ந்து வரலாம். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவாங்க. தடுப்பூசி ரெண்டு போடணும். போகப்போக ஆக்சிஜன் தேவைப்படலாம்." கொஞ்சம் நிறுத்தி, மூன்றாவது வரியைப் பார்த்தார். "மூணு வருஷம் முன்னாடியே விட்டிருந்தா, அப்பவும் இருந்தது போயிருக்காது. ஆனா இவ்வளவு வந்திருக்காதுன்னுதான் நினைக்கிறேன். பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசு வரல."

கோடு தலையாட்டினார். கைகள் மடியில் கிடந்தன. பாலீஷ்காரரின் தலையணை அவர் கண்முன் வந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையா இருமலா என்று முதலில் தெரியவில்லை. இருமல்தான். சின்ன, வறண்ட இருமல், நாலைந்து.

டாக்டர் அவளைப் பார்த்தார். "வேலைத் துணியெல்லாம் யாரு துவைக்கிறது?"

"நான்தாங்க டாக்டர்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உதறிட்டுத்தான் நனைப்பேன். அப்படியே நனைச்சா குழாய் அடைச்சுக்கும்."

"எங்க உதறுவீங்க?"

"பாத்ரூம்லதான். கதவைச் சாத்திக்குவேன். வீட்டுக்குள்ள ஒரு பொட்டுக்கூட வராது."

"இந்த இருமல் உங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?"

"இதா? இது சோப்பு டாக்டர். அந்த நீல சோப்பு எனக்கு ஒத்துக்காது. நாலஞ்சு வருஷமாவே இப்படித்தான், அது பாட்டுக்கு வரும், போகும். எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க இவரைப் பாருங்க."

டாக்டர் இழுப்பறையைத் திறந்தார். அதே பாரம், புதுசாக ஒன்று எடுத்தார். மேலே பெயருக்கு இடம் விட்டுவிட்டு அடுத்த வரியில் பேனாவை வைத்தார்.

"நீங்க என்னம்மா வேலை பாக்கறீங்க?"

"நானா? நான் எங்க வேலை பாக்கறேன். வீட்ல சும்மாதான் இருக்கேன்."

"தூசி புழங்குற மாதிரி ஏதாவது..."

அவள் சிரித்துவிட்டாள். அத்தனை துக்கத்திலும், அவள் வீட்டைப் பற்றி இப்படி யாராவது கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வாள்! "தூசியெல்லாம் இல்லீங்க டாக்டர். என் வீட்டுக்கு வந்து எங்க வேணும்னாலும் விரலை வச்சுப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை அவரை அந்தப் பாடு படுத்தி, அந்த வார்த்தைக்கு இரண்டு கோடு போட்டவள் அவள்தான். அவளுக்கு என்று வரும்போது அது அவள் ஞாபகத்திலேயே இல்லை.

கோடு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பேச மூச்சு சேர்க்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. டாக்டர் காத்திருந்தார்.

"தூசிதான் டாக்டர்" என்றார். ஒரு மூச்சு வாங்கினார். "தினம் மூணு உருப்படி. கதவைச் சாத்திக்கிட்டு." இன்னொரு மூச்சு. "இருபத்திரெண்டு வருஷமா. நான்தான் உதறச் சொன்னேன்."

அந்த வார்த்தையை அவர் ஒப்புக்கொண்டு சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரிப்பு பாதியில் நிற்க, அவரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் எழுத ஆரம்பித்தார்.